காரைக்குடியில் ஒரு மனநல கிளினிக்: ஆளுமைக் கோளாறுக்கு அங்கே என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை

காரைக்குடிப் பக்கம் ஆளுமைக் கோளாறுக்கு உருப்படியாகச் சிகிச்சை தரும் இடம் ஏதாவது இருக்கிறதா, இல்லை மதுரைக்கோ திருச்சிக்கோதான் ஓட வேண்டுமா என்று சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் நாங்கள் போய்க்கொண்டிருக்கும் இடத்தைப் பற்றி முழுசாக எழுதிவிடுகிறேன். இருக்கிறது. டவுனுக்குள்ளேயே ஒரு மாடியில் இருக்கும் சின்ன கிளினிக். மனநல மருத்துவர் வெளியூரிலிருந்து வாரத்தில் சில நாள் மட்டும் வருகிறார், உளவியலாளர் அம்மா ஒருவர் முழு நேரமும் அங்கேயே இருக்கிறார். என் தங்கச்சிக்கு எல்லைநிலை ஆளுமைக் கோளாறு, டாக்டர்கள் பேச்சில் பார்டர்லைன், உணர்ச்சியும் உறவும் ஒரு நிலையில் நிற்காமல் அலைபாயும் கோளாறு. ஒரு வருஷத்துக்கு மேலாக அங்கேதான் பார்க்கிறோம். அவள் இதைப் படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் வெட்டச் சொல்லி, சரி போடு அக்கா என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

கிளினிக் பெயரைப் போடவில்லை. நம்ம பக்கத்தில் யார் எந்த மாடிப்படி ஏறினார்கள் என்பது மத்தியானச் சாப்பாட்டுக்குள் மூன்று தெருவுக்குத் தெரிந்துவிடும், பெயரைப் போட்டால் அங்கே போகிற ஒவ்வொரு பிள்ளையையும் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆனால் நான் சொல்லும் விஷயங்களை வைத்து நீங்கள் போகும் இடத்தையும் எடை போட்டுக்கொள்ள முடியும். தேவகோட்டையோ புதுக்கோட்டையோ எந்த ஊராக இருந்தாலும், இந்தக் கோளாறைப் பார்க்கத் தெரிந்த இடமா என்பது முதல் இரண்டு மூன்று சந்திப்பிலேயே புரிந்துவிடும்.

முதலில் அவர்கள் நோயைக் கண்டுபிடித்த விதம். இங்கே வருவதற்கு முன்னால் வேறு ஊரில் ஒருவரிடம் காட்டியிருந்தோம். அவர் உட்கார வைத்து பத்து நிமிஷம் பேசியிருப்பார், மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார், அடுத்த முறை போனபோது இருதுருவக் கோளாறு (பைபோலார்) என்று மாற்றி எழுதினார், எதற்கு மாற்றினார் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. இந்த கிளினிக்கில் முதல் நாளே டாக்டர் சொல்லிவிட்டார், "இன்னைக்கே பேரு வைக்கிறதுக்கு நான் அவசரப்பட மாட்டேன்மா, இது ஒரு நாள்ல சொல்ற விஷயமில்ல." அதற்கப்புறம் பல சந்திப்பு. தங்கச்சியிடம் தனியாக, அம்மாவிடம் தனியாக, என்னிடம் தனியாக. சின்ன வயதில் எப்படி இருந்தாள், பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளோடு எப்படி, கோபம் வந்தால் எவ்வளவு நேரம் நிற்கும், எதற்கப்புறம் வருகிறது, இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார்கள்.

ஏன் இத்தனை கேள்வி என்பது பின்னால் புரிந்தது. இருதுருவக் கோளாறில் மனநிலை ஒரு பக்கம் சாய்ந்தால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். பார்டர்லைனில் அது மணிக்கணக்கில் மாறும், பெரும்பாலும் அதற்கு முன்னால் யாரோ ஒரு மனுஷர் சம்பந்தப்பட்ட ஏதாவது நடந்திருக்கும், ஒரு போன் எடுக்கப்படாமல் போயிருக்கும், ஒரு வார்த்தை சூடாக விழுந்திருக்கும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் இதற்கு 9 அடையாளங்கள் சொல்லியிருக்கிறது, குறைந்தது 5 இருக்க வேண்டும்: விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம், இன்றைக்குத் தெய்வமாகவும் நாளைக்கு எதிரியாகவும் தெரிகிற உறவுகள், தான் யார் என்பதே பிடிபடாத நிலை, யோசிக்காமல் பாய்வது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, அலைபாயும் மனநிலை, உள்ளே எப்போதும் ஒரு வெறுமை, அடக்க முடியாத கோபம், நெருக்கடியில் சிறிது நேரம் வரும் சந்தேகமோ எதுவும் நிஜமில்லை என்பது போன்ற உணர்வோ. அதுவும் ஏதோ ஒரு கெட்ட மாதத்தில் மட்டும் இருந்தால் போதாது, வளர்ந்த காலத்திலிருந்து, பல இடங்களில், பல பேரோடு தொடர்ந்து இருக்க வேண்டும். அதனால்தான் வீட்டு ஆட்களையும் கேட்கிறார்கள். உங்கள் டாக்டர் வீட்டு ஆட்களைக் கேட்காமலே முதல் நாளில் ஆளுமைக் கோளாறு என்று எழுதினால் இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

ஆளுமைக் கோளாறு என்றால் பார்டர்லைன் மட்டும் இல்லை. அதே கையேட்டில் மூன்று கூட்டமாகப் பிரித்து 10 வகை இருக்கிறது. யாரையும் நம்ப முடியாதவர்கள் உண்டு, தன்னை மட்டம் தட்டிவிடுவார்களோ என்று பயந்தே ஒதுங்கி வாழ்கிறவர்கள் உண்டு, எல்லாம் தான் வைத்த ஒழுங்கில்தான் நடக்க வேண்டும் என்று வீட்டையே நடுங்க வைக்கிறவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பட்டியலான ஐசிடி-11, 2022-இல் நடைமுறைக்கு வந்தது, அதில் இந்த வகைகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று அளவைத்தான் பார்க்கிறார்கள், பார்டர்லைன் மட்டும் ஒரு துணைக்குறிப்பாக நிற்கிறது. எங்கள் டாக்டர் அளவைத்தான் அதிகம் பேசினார். வீட்டு ஆட்களுக்கு அதுதான் உதவியாகவும் இருந்தது, ஏனென்றால் எந்த அளவில் இருக்கிறாள், எந்த அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறோம் என்று பேசும்போது ஒரு வழி தெரிகிறது.

மாத்திரை விஷயத்தில் இவர்களுக்கு என் முழு மதிப்பெண். நாங்கள் வரும்போது ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய அட்டைகளோடு வந்தோம். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எது எதற்கு என்று தங்கச்சியிடமே சொல்லி, எது தேவை எது தேவையில்லை என்று பிரித்தார். பார்டர்லைனுக்கு என்றே அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் கிடையாது என்று நேரடியாகவே சொன்னார், கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும்தான் மாத்திரை, கோளாறுக்குப் பயிற்சிதான். எந்த நோய்க்கு எப்படிச் சிகிச்சை என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. தேவையில்லாததை ஒரேயடியாக நிறுத்தவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார், இதைப் படித்துவிட்டு வீட்டில் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் சில மாத்திரைகள் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும்.

இப்போது பயிற்சி. இங்கே தருவது டிபிடி (டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி) என்று சொல்லப்படும், உணர்ச்சியைக் கையாளக் கற்றுத்தரும் பேச்சுச் சிகிச்சையின் ஒரு பகுதி. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்ஷா லைனஹான் என்ற உளவியலாளர் உருவாக்கியது, 1991-இல் முதல் ஆய்வு முடிவு வந்தது. அவரே 17 வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர், அதை 2011-இல்தான் வெளியில் சொன்னார். இந்த விஷயத்தை உளவியலாளர் அம்மா என் தங்கச்சியிடம் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

வாரம் ஒரு முறை தனிச் சந்திப்பு, வாரம் ஒரு முறை குழு வகுப்பு. குழு வகுப்பில் நான்கு பாடம்: இந்த நிமிஷத்தில் மனசை நிறுத்துவது, நெருக்கடியை அதை மோசமாக்காமல் தாண்டுவது, உணர்ச்சியை அடையாளம் கண்டு கையாள்வது, உறவு கெடாமல் கேட்க வேண்டியதைக் கேட்பதும் மறுக்க வேண்டியதை மறுப்பதும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 6 மாதம் ஆகும், பெரும்பாலும் இரண்டாவது சுற்றும் போகச் சொல்வார்கள். தினமும் ஒரு அட்டை நிரப்ப வேண்டும், இன்றைக்கு எந்த உணர்ச்சி எத்தனை பலமாக வந்தது, என்ன செய்யத் தோன்றியது, செய்தேனா, அதற்குப் பதில் எந்தப் பயிற்சியைப் பயன்படுத்தினேன் என்று. முதலில் இந்த அட்டையை அவள் வெறுத்தாள். இப்போது அட்டை இல்லாமல் தனிச் சந்திப்புக்குப் போக மாட்டாள், ஏனென்றால் எங்கே பிடி நழுவியது என்று தேட அதுதான் உதவுகிறது, அதில்லாவிட்டால் அந்த வாரத்தில் நடந்த கடைசிச் சண்டையைப் பற்றி மட்டுமே பேசி நேரம் போய்விடும். குழுவில் வேறு யார் இருக்கிறார்கள், என்ன பேசினார்கள் என்று அவள் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அது அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட கட்டுப்பாடு. நாங்களும் கேட்பதில்லை.

பயிற்சிகளில் எங்கள் வீட்டில் அதிகம் பயன்பட்டது குளிர்ந்த தண்ணீர். உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அரை நிமிஷம் வரை வைப்பது, இல்லையென்றால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் அழுத்திப் பிடிப்பது. தண்ணீருக்குள் முங்கும்போது இதயத் துடிப்பு தானாகக் குறையும்படி நம் உடம்பு அமைந்திருக்கிறது, அதைத்தான் இது தட்டி எழுப்புகிறது. எந்தப் பிரச்சினையும் இதில் தீராது, அறிவு பேசுவதைக் காது கேட்கிற நிலைக்கு ஆளைக் கொண்டுவரும், அவ்வளவுதான், ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு அதுதான் வேண்டும். இதய நோய் இருப்பவர்களும் சாப்பாட்டுக் கோளாறு இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று வகுப்பில் அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் எங்கள் ஊர்க் குழாயில் எங்கே குளிர்ந்த தண்ணீர், அதனால் ஃபிரிட்ஜில் அவளுக்கென்று ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கும். அப்பத்தா முதலில் அது என்னத்துக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார், இப்போது தண்ணீர் குறைந்தால் அவரே ஊற்றி வைக்கிறார்.

இந்த கிளினிக்கில் நான் மிகப் பெரிதாக நினைப்பது வீட்டு ஆட்களுக்கான வகுப்பு. மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலையில். நோயாளி இல்லாமல் அம்மா அப்பா, கணவன் மனைவி, அக்கா தம்பி மட்டும். காசு கொடுத்துப் போகும் எத்தனையோ இடங்களில் நோயாளியை உள்ளே கூப்பிட்டுவிட்டு நம்மை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள், வீட்டுக்குப் போன பிறகு மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் அந்தப் பிள்ளையோடு இருக்கப்போவது நாம்தான் என்பது யாருக்கும் நினைப்பிருக்காது. இங்கே அதற்கென்றே ஒரு வகுப்பு நடக்கிறது, நான் இந்தப் பதிவை எழுதுவதே பாதி அதற்காகத்தான்.

முதல் வகுப்பில் உளவியலாளர் அம்மா கரும்பலகையில் சில வாக்கியங்களை எழுதிப் போட்டார். "இதுக்குப் போயி அழுவாகளா", "ஊர்ல உனக்கு மட்டுமா கஷ்டம்", "நாலு பேரு என்ன சொல்லுவாக", "சோறு தண்ணிக்கு என்ன குறை வச்சோம் உனக்கு". உட்கார்ந்திருந்த எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. இதெல்லாம் ஆறுதலுக்காகச் சொல்லப்படுவது என்று தனக்குத் தெரியும் என்றார், ஆனால் பிறவியிலேயே உணர்ச்சி வேகமாகப் பொங்கி மெதுவாக அடங்கும் சுபாவம் உள்ள பிள்ளைக்கு, நீ உணர்வது தப்பு என்று தினம் தினம் வீடு சொல்லிக்கொண்டே இருந்தால், அது தன் உணர்ச்சியை நம்பாமல் போகிறது, கத்தினால்தான் காதில் விழும் என்றும் கற்றுக்கொள்கிறது. லைனஹான் சொன்ன காரணம் இதுதான்: பிறவிச் சுபாவம் பாதி, அதோடு பொருந்தாமல் போன சூழல் பாதி. குழந்தைப் பருவத்தில் நடந்த வன்முறையும் புறக்கணிப்பும் பலருக்குப் பெரிய காரணமாக இருக்கிறது, ஆனால் அப்படி எதுவும் நடக்காத வீட்டிலும் வரும். எங்கள் அம்மா அன்றைக்கு அந்தக் கடைசி வரியைத்தான் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

அப்புறம் பயிற்சி. உணர்ச்சியை ஒப்புக்கொள்ள வேண்டும், செயலை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. சொல்வதற்கு லேசு, வாயில் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகிறது. எங்கள் வீட்டு உதாரணம்: தங்கச்சியின் சிநேகிதி ஒரு சாயங்காலம் முழுக்க வாட்ஸப்பில் பதில் போடவில்லை. இவள் செய்தி மேல் செய்தி அனுப்பி, கடைசியில் இனிமேல் உன் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டு, போனைச் சுவரில் எறிந்துவிட்டு, இரண்டாங்கட்டில் உட்கார்ந்து அழுகிறாள். முன்பெல்லாம் அம்மா, "அந்தப் பிள்ளைக்கு ஆயிரம் சோலி இருக்கும், நீ ஏன் இப்படிப் பண்ற" என்பார், அதற்கு மேல் ராத்திரி முழுக்கச் சண்டை நடக்கும். வகுப்புக்குப் போன பிறகு ஒரு நாள் இதே மாதிரி நடந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "பதில் வராம இருந்தா பதறத்தான் செய்யும்த்தா" என்று சொன்னார், அதோடு நிறுத்திக்கொண்டார். அறிவுரை இல்லை, சிநேகிதிக்கு வக்காலத்து இல்லை, போனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நான் அனுப்பினது ஓவர்தானம்மா" என்றாள். எப்போதும் இப்படி நடக்காது, சில நாள் என்ன சொன்னாலும் அடங்காது. ஆனால் எங்கள் வீட்டில் அந்த வாக்கியம் அப்படி வந்து விழுந்தது நான் அதுவரை பார்க்காத ஒன்று.

இன்னொரு பாதி, எல்லை வைப்பது. இதில்தான் எங்களுக்கு உளவியலாளரோடு வாக்குவாதமே வந்தது. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான், இவள் அழுது போன் செய்தால் உடனே பணம் அனுப்பிவிடுவான், பாசத்தில்தான். அழாமல் கேட்கும் நாட்களில் வேலை இருக்கிறது அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவான். எந்த வழியில் கேட்டால் கிடைக்கும் என்பதை இரண்டும் சேர்ந்து அவளுக்குக் கற்றுத்தருகிறது என்று உளவியலாளர் அம்மா சொன்னபோது எங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, பிள்ளை அழுவதை நடிப்பு என்கிறீர்களா என்று கேட்டுவிட்டார். நடிப்பு என்று யாரும் சொல்லவில்லை, அழுகை நிஜம், வலியும் நிஜம், பணம் மட்டும் அமைதியான நேரத்தில் பேசி முடிவு செய்தபடி மாதத்தில் ஒரு தேதியில் போகட்டும் என்றார். எல்லையை ஆத்திரத்தில் வைக்கக்கூடாது, மிரட்டலாக வைக்கக்கூடாது, வைத்ததை அடுத்த வாரமே தளர்த்தவும் கூடாது. ராத்திரி 11 மணிக்கு மேல் நான் போனில் பேச மாட்டேன், காலை 6 மணிக்கு நானே கூப்பிடுவேன் என்று சொன்னால், 6 மணிக்குக் கட்டாயம் கூப்பிட வேண்டும். அந்த இரண்டாவது பாதியைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறோம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் நேரத்துக்கு இந்த எல்லை எதுவும் பொருந்தாது, அதற்குத் தனியாக ஒரு திட்டம் எழுதித் தந்திருக்கிறார்கள், யாரைக் கூப்பிட வேண்டும், வீட்டில் எதைப் பூட்டி வைக்க வேண்டும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று. அது எங்கள் வீட்டு மர பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

கல்யாணப் பேச்சைப் பற்றியும் வகுப்பில் ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள், செட்டிநாட்டுப் பக்கம் இதைப் பேசாமல் முடியாது. கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாத பெரியவர்கள் இல்லை. நெருக்கமான உறவில்தான் இந்தக் கோளாறு அதிகமாகக் கிளறப்படும், தெரியாத வீட்டில் தெரியாத ஆளோடு, விஷயத்தை மறைத்துக் கொண்டுபோய் விடுவது அவளுக்கும் அநியாயம் அந்தப் பையனுக்கும் அநியாயம். இந்தக் கோளாறோடு நல்ல கல்யாண வாழ்க்கை நடத்துபவர்கள் இருக்கிறார்கள், அது மருந்தாகச் செய்து வைத்த கல்யாணமாக இருக்காது. கோடாங்கியிடம் போனோம், கயிறு கட்டினோம் என்று சொன்னவர்களையும் உளவியலாளர் அம்மா கேலி செய்யவில்லை. கோயிலுக்குப் போவது நிம்மதி தருகிறதென்றால் போங்கள், கட்டிவைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது இதெல்லாம் இருக்கும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள் என்றார். ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகியது நமக்குப் பக்கத்தில் நடந்ததுதான், 28 பேர். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

சரி, குறைகள். முதல் குறை, இது முழு டிபிடி கிடையாது. முழுசாகச் செய்யும் இடங்களில் தனிச் சந்திப்பு, குழு வகுப்பு, நெருக்கடியில் சிகிச்சையாளரைப் போனில் கூப்பிட்டு எந்தப் பயிற்சியைச் செய்வது என்று கேட்கும் வசதி, சிகிச்சையாளர்கள் தங்களுக்குள் வாராவாரம் கூடிப் பேசும் குழு, இந்த நான்கும் இருக்க வேண்டும். இங்கே பின்னிரண்டும் இல்லை. சாயங்காலம் 7 மணிக்கு மேல் போனை யாரும் எடுப்பதில்லை. ஒரே உளவியலாளர் இருக்கும் இடத்தில் 24 மணி நேரமும் எடுக்கச் சொல்ல முடியாதுதான், ஆனால் நெருக்கடிகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் வருகின்றன, இது பெரிய ஓட்டை. இதை அவர்களே முதல் நாள் சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள், அந்த நேர்மைக்கு நன்றி.

இரண்டாவது, குழு வகுப்பு வார நாளில் காலை 11 மணிக்கு. வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? என் தங்கச்சி இரண்டாவது சுற்றில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தாள், வகுப்பா வேலையா என்ற நிலை வந்து, முதலாளியிடம் பேசிச் சமாளித்தோம். எல்லோருக்கும் அப்படிப்பட்ட முதலாளி கிடைக்க மாட்டார்கள். ஞாயிறு மாலை ஒரு குழு தொடங்குங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், இதுவரை நடக்கவில்லை. மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா சமயம் பால்குடக் கூட்டத்தில் டவுனுக்குள் பஸ்ஸே நகராது, அப்போது வகுப்பை ரத்து செய்கிறார்கள், அந்த வாரத்துக்கு மாற்று ஏற்பாடு ஏதாவது செய்யலாம்.

மூன்றாவது, காத்திருக்கும் இடம். வரவேற்பில் இருக்கும் பிள்ளை பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடும், எதற்கு வந்தீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்கும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் 23-வது பிரிவு நோயாளியின் விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது என்று டாக்டரிடம் சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து டோக்கன் நம்பர்தான். ஆனால் மாடிப்படி ரோட்டைப் பார்த்தபடியே இருக்கிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கொடுக்கும் படிவங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பது நான்காவது குறை. அம்மா நிரப்ப வேண்டிய கேள்வித்தாளை நான் உட்கார்ந்து தமிழில் படித்துச் சொல்லி நிரப்பினேன், என் முன்னால் அம்மா சில கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தினசரி அட்டையை மட்டும் தமிழில் அச்சடித்திருக்கிறார்கள், மற்றதையும் செய்ய என்ன தடை?

அண்ணனை வீடியோவில் வீட்டார் வகுப்பில் சேர்க்கக் கேட்டோம், மற்ற குடும்பங்களின் ரகசியம் என்று மறுத்துவிட்டார்கள். நியாயம்தான், ஆனால் பாதி வீட்டில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் நம்ம பக்கத்துக்கு இது போதாது. மாதம் ஒரு முறை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று தனியாக வைக்கலாம்.

கட்டணம்: டாக்டருக்கு முதல் முறை 800, அப்புறம் 500. தனிச் சந்திப்பு 700, குழு வகுப்பு 300, வீட்டார் வகுப்பு இலவசம். ரசீது கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை, கேளுங்கள். காப்பீட்டில் உடம்பு நோய்க்கு இணையாக மன நோயையும் சேர்க்க வேண்டும் என்று அதே 2017 சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது, ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுத்துச் சிகிச்சை எடுத்தால்தான் பணம் தரும், வாராவாரம் போகும் கவுன்சிலிங்குக்கு வராது. மாதத்துக்கு நான்காயிரம் ஐயாயிரம் ஆகிறது, பஸ் செலவு தனி. எங்களுக்கே இழுபறிதான். கூலி வேலை செய்யும் வீட்டுக்கு இது எட்டாது, கட்டணத்தில் சலுகை உண்டா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள், நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள்.

எந்த இடத்துக்குப் போனாலும் உளவியலாளரிடம் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்டினால் அந்தப் பதிவு இருக்க வேண்டும். இவர் சுவரிலேயே மாட்டி வைத்திருக்கிறார். மூன்று மாத கோர்ஸ் முடித்துவிட்டு கவுன்சிலிங் சென்டர் என்று போர்டு மாட்டுகிறவர்களிடம் இந்தக் கோளாறைக் கொண்டுபோனால் ஆபத்து, பிள்ளை இரண்டு மாதத்தில் அவர்கள் மேல் கோபப்பட்டால் நீ சரியாக மாட்டாய் என்று கைவிட்டுவிடுவார்கள். எங்கள் உளவியலாளர் அம்மா மேல் தங்கச்சி கத்திவிட்டு வந்த நாட்கள் உண்டு, அடுத்த வாரம் அதே நேரத்துக்கு அதே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், கத்தியதைப் பற்றியும் பேசினார்கள், அது சிகிச்சையில் ஒரு பகுதி.

சரியாகுமா என்பதுதான் எல்லோரும் கடைசியில் கேட்பது. மேரி சனரினி என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் மக்லீன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த பார்டர்லைன் நோயாளிகளை 10 வருஷம் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட முடிவில், 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் குறைந்தது இரண்டு வருஷம் தொடர்ந்து விலகியிருந்தன. வேலை, உறவு எல்லாம் சேர்த்து நல்ல நிலைக்கு மீண்டவர்கள் பாதிப் பேர். முதல் எண்ணைக் கேட்டு அம்மா அழுதார், இரண்டாவது எண்ணைக் கேட்டு தங்கச்சி வேலை தேட ஆரம்பித்தாள். இப்போது அவள் எப்படி இருக்கிறாள் என்றால், கோபம் வருகிறது, ஆனால் பாத்திரம் உடைந்து நாளாகிறது. அப்பத்தாவோடு சண்டை போட்டால் அன்றைக்கே பேசிவிடுகிறாள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருவதை வந்த அன்றைக்கே எங்களிடம் சொல்கிறாள், முன்பெல்லாம் நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இந்த கிளினிக் யாருக்குச் சரிவராது என்றால், உடனடி ஆபத்தில் இருப்பவர்களுக்கு. இங்கே படுக்கை கிடையாது. அப்படிப்பட்ட நேரத்தில் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் நம்ம ஊரில் நிறைய பேர். மேலே சொன்ன 2017 சட்டத்தின் 115-வது பிரிவு தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. காசு கட்ட முடியாதவர்களுக்கு சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது, டாக்டரும் மாத்திரையும் இலவசம். ராத்திரி ஓட்டையை நாங்கள் 14416-ஐ வைத்துத்தான் அடைக்கிறோம், 2022-இல் தொடங்கிய டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவியின் இலவச எண், தமிழில் பேசுகிறார்கள், 24 மணி நேரமும் எடுக்கிறார்கள். தங்கச்சியும் கூப்பிட்டிருக்கிறாள், நானும் எனக்காகக் கூப்பிட்டிருக்கிறேன்.

முதல் முறை போகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். டாக்டர் வரும் நாளை முந்தின நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள், பல வாரம் தள்ளித்தான் நேரம் கிடைக்கும், அதுவரை சும்மா இருக்காமல் வீட்டார் வகுப்பில் வந்து உட்காரலாமா என்று கேளுங்கள். நோயாளி வர மறுத்தாலும் வீட்டு ஆட்கள் மட்டும் அந்த வகுப்புக்கு வரலாம், அப்படி வருகிறவர்கள் எங்களோடு சிலர் இருக்கிறார்கள்.